கான்கிரீட் வீட்டில் மேக்ஸிமலிஸ்ட் அலங்காரம்: மொரீஷியஸ் ஈரத்துக்கு ஏற்ப எப்படிச் செய்வது?

கேள்வி: ரோஸ் ஹில்லில் கான்கிரீட் வீடு. ஹால் 4.5 மீட்டருக்கு 3.6 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரங்கள், சாமி படங்கள், குடும்பப் போட்டோக்கள், பழைய பட்டுப் புடவைகள், பிரம்பு நாற்காலிகள் என்று நிறைய இருக்கிறது. எதையும் பெட்டியில் பூட்டி வைக்காமல் நிறையப் பொருளும் நிறமும் சேர்க்கும் மேக்ஸிமலிஸ்ட் பாணியில் ஹாலை நிறைக்க ஆசை. ஆனால் எடுத்து வைத்துப் பார்த்தால் "கடை மாதிரி இருக்கு" என்கிறார் மாமியார். எங்கே தப்பு?

பதில்:

உங்கள் மாமியார் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். கடையில் எல்லாப் பொருளும் ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில், வெள்ளைச் சுவருக்கு முன்னால் வரிசையாக நிற்கும். எதுவும் மற்றொன்றுக்குப் பின்வாங்கக் கூடாது என்பதுதான் கடைக்காரரின் நோக்கம். வீட்டுக்கு அது ஒத்துவராது. உள்ளே வந்ததும் கண்ணில் படவேண்டியது ஒன்று, உட்கார்ந்தபின் தெரியவேண்டியது இன்னொன்று, பக்கத்தில் போனால்தான் தெரியவேண்டியது வேறொன்று. இந்த மூன்று அடுக்கு இல்லாவிட்டால் எவ்வளவு அழகான பொருளாக இருந்தாலும் குவியலாகத்தான் தெரியும்.

நிறையப் பொருளை ஒழுங்காக வைப்பது தமிழர்களுக்குப் புதிய வித்தை அல்ல. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், ரவிவர்மா படங்கள் எல்லாம் ஒரே கூடத்தில் இருக்கும். ஆனாலும் திணறாது. ஒரே மாதிரித் தூண் வரிசையாக வரும், தரையில் ஒரே ஓடு நூற்றுக்கணக்கில் வரும், சுவரில் படங்கள் ஒரே கோட்டில் தொங்கும். போர்ட் லூயியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் கோபுரத்தை நிமிர்ந்து பாருங்கள். அத்தனை உருவங்களையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பவை நிலைகளின் கிடைக்கோடுகளும், மேலிருந்து கீழ்வரை திரும்பத் திரும்ப வரும் அதே சில நிறங்களும்தான். உங்கள் ஹாலுக்கும் இந்த இரண்டுமே வேண்டும்: திரும்ப வரும் நிறம், நேராக நிற்கும் கோடு. மொரீஷியஸில் மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது. எந்தப் பொருளுக்கும் பின்னால் காற்று போக வேண்டும். இந்த மூன்றாவதை விட்டவர்களின் வீட்டில் இரண்டே வருடத்தில் பூஞ்சணம் வந்துவிடும்.

பொருள்களை அடுக்குவதிலிருந்து ஆரம்பிப்பதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. கூரை, சுவர், மின்சாரம், பெயின்ட், பெரிய சாமான், துணி, படங்கள், சின்னப் பொருள்கள் என்ற வரிசையில் போனால் செய்ததைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

கூரையிலிருந்து வருவோம். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் வந்துபோனதற்குப் பிறகு இந்தத் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. தட்டையான தளம், ஓட்டைக் கல் (நடுவில் வெற்றிடமுள்ள கான்கிரீட் கல்) சுவர், மேலே பூச்சு என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் அமைப்பு. தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு விரிசல் விட்டிருந்தால், மழை நின்று பல நாள் கழித்தும் உட்கூரையில் பழுப்பு வளையம் தெரியும். அதைச் சரிசெய்யாமல் கீழே தஞ்சாவூர் ஓவியமோ பட்டோ மாட்டவே கூடாது. வளையத்தின் மேல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் உப்பித் தோலாக உரியும்.

அடுத்து சுவர். வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். தென்கிழக்குக் காற்று அடிக்கும் பக்கத்துச் சுவரில் மழை சாய்ந்து விழும், அதில் ஓதம் அதிகம். சோதிப்பது எளிது. 45 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் இருந்தால் அறைக் காற்றிலேயே ஈரம் மிதமிஞ்சி இருக்கிறது. முதலாவதற்கு வெளிப்பக்கத்தில் வேலை செய்ய வேண்டும், இரண்டாவதற்குக் காற்றோட்டமும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் போதும். சுவரில் வெள்ளைப் பொடி மாதிரி உப்புப் பூத்திருந்தால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள். உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதறி எடுத்து, ஈரம் வரும் வழியை அடைத்து, காய்ந்தபிறகு காரம் தாங்கும் பிரைமர் அடியுங்கள். புதிதாகப் பூசிய சிமென்ட் என்றால் குறைந்தது 28 நாள் காயவிட்டுத்தான் பெயின்ட். காலம் பார்த்துச் செய்வதானால் செப்டம்பர், அக்டோபர் நல்லது, தீவில் மழை மிகக் குறைந்த மாதங்கள் அவை.

நிறம். இந்தப் பாணிக்கு அடர்ந்த சுவர் வேண்டும். வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு படத்தின் விளிம்பும் தனித்தனியாக வெட்டித் தெரியும், அதனால் 20 படம் 20 சத்தமாகிறது. அடர்பச்சை, அரக்குச் சிவப்பு, மயில்நீலம், கத்தரிப்பூ நிறம் போன்ற சுவரில் விளிம்புகள் அடங்கி, பித்தளையும் பொன்னிறச் சட்டமும் மேலெழும்பும். பித்தளை அதிகமிருக்கும் உங்கள் ஹாலுக்கு நான் அடர்பச்சையைத்தான் சொல்வேன். சாமி படங்களின் சிவப்பும் மஞ்சளும் பச்சைக்கு முன்னால் நன்றாக எடுப்பாகும், பிரம்பின் தேன் நிறமும் பொருந்தும். அரக்குச் சிவப்பு அடித்தால் படங்களின் சிவப்பு சுவரோடு போய்விடும்.

மொத்தத்தில் மூன்று முக்கிய நிறம், இரண்டு துணை நிறம். அதற்குமேல் போகாதீர்கள். உதாரணமாக அடர்பச்சை, அரக்கு, பொன் மூன்றும் முக்கியம், இளஞ்சிவப்பும் கறுப்பும் துணை. ஒவ்வொரு நிறமும் அறையில் குறைந்தது மூன்று இடத்தில், மூன்று உயரத்தில் வரவேண்டும். அரக்கு என்றால் தரை விரிப்பில் ஒன்று, குஷனில் ஒன்று, கண் உயரத்துக்கு மேலே ஒரு படத்திலோ விளக்குக் கூண்டிலோ ஒன்று. ஒரே இடத்தில் மட்டும் வரும் நிறம்தான் "இது ஏன் இங்கே இருக்கு?" என்று கேட்க வைக்கும்.

அளவுக் கணக்கு: உங்கள் ஹாலின் சுற்றளவு 16.2 மீட்டர், உயரம் 2.7. சுவர்ப் பரப்பு சுமார் 44 சதுர மீட்டர். கதவு, ஜன்னலுக்கு 8 கழித்தால் 36. லிட்டருக்கு ஒரு கோட்டில் 10 சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 7.2 லிட்டர். ஆனால் அடர்நிறம் இரண்டு கோட்டில் மூடாது. ரோலர் தடம் பட்டையாகத் தெரியும், மூன்றாவது கோட் வேண்டியிருக்கும். அதோடு சேர்த்து 11 லிட்டர். பிரைமரையே சாம்பல் நிறமாகக் கலந்து வாங்கினால் மூன்றாவது கோட் மிச்சமாக வாய்ப்பு உண்டு. எல்லா டப்பாவையும் ஒரே தடவையில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்து அடியுங்கள். பாதியில் தீர்ந்து இன்னொரு டப்பா கலந்து வாங்கினால் நிழல் மாறும், அடர்நிறத்தில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பளபளப்பு அதிகமான பெயின்ட் பூச்சின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டும். முழு மேட் என்றால் கை பட்ட இடம் வெள்ளையாகத் தேயும். கழுவக்கூடிய, லேசான மினுமினுப்பு உள்ள அக்ரிலிக், பூஞ்சணத் தடுப்பு சேர்த்தது, இதுதான் நடுவழி.

உட்கூரையை வெள்ளையாக விட்டால் 2.7 மீட்டர் உயரத்தில் ஒரு மூடி வைத்த மாதிரித் தெரியும். சுவர் நிறத்தையே பாதி அடர்த்தியில் கலந்து மேலேயும் அடித்துவிடுங்கள். கோடு மறைந்து கூரை உயர்ந்ததுபோல் இருக்கும்.

வால்பேப்பர் கேட்பீர்கள் என்று தெரியும், இந்தப் பாணியின் உயிரே அதுதான். வில்லியம் மோரிஸ் 1883-இல் வரைந்த ஸ்ட்ராபெரி திருடும் பறவைகள் டிசைன் முதலில் அச்சானது துணியில்தான், ஆனால் இன்று வால்பேப்பராகவும் பார்க்கலாம். ஈரமுள்ள வெளிச்சுவரில் வினைல் தாள் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஈரம் தாளைத் தாண்டி வெளியேற முடியாமல், பசையைத் தின்று கறுப்புப் பூஞ்சணம் வளரும். முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மூலையை உரித்தால்தான் நாற்றம் வரும். உள்சுவர் ஒன்றில் மட்டும், பசையைச் சுவரில் தடவி ஒட்டும் நெய்யாத்துணி வகைத் தாளை ஒட்டலாம். ஐரோப்பிய ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10.05 மீட்டர் நீளம். 4.5 மீட்டர் சுவருக்கு 9 பட்டை. டிசைன் 64 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை திரும்பினால், 2.7 மீட்டர் உயரத்தை வெட்டிப் பொருத்த ஒரு பட்டைக்கு 3.2 மீட்டர் போகும். ஒரு ரோலில் மூன்று பட்டைதான் வரும். ஆக 3 ரோல், கூடுதலாக ஒன்று, நான்கிலும் ஒரே பேட்ச் எண். பலர் பரப்பளவை மட்டும் கணக்குப் போட்டு வாங்கி, கடைசிப் பட்டைக்குத் தாள் பற்றாமல் நிற்பார்கள்.

விளக்கு. கூரை நடுவில் ஒரே ஒரு வெள்ளை டியூப்லைட் இருக்கும்வரை நீங்கள் என்ன செய்தாலும் கடைதான். 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் பித்தளை பச்சை கலந்து வெளிறும், அரக்கு பழுப்பாகும். 2700 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்), நிறங்காட்டும் அளவு (CRI) 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. பல்புகளை எல்லா இடத்திலும் போடுங்கள். ஒரே அறையில் வெள்ளையும் மஞ்சளும் கலந்தால் இரண்டுமே கெடும். அடர்நிறச் சுவர் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் 16 சதுர மீட்டர் அறைக்கு மொத்தம் 3,300 லூமன் அளவு வேண்டும், ஆனால் பிரித்துத் தரவேண்டும். நடுக்கூரையில் 1,000, மேஜை விளக்கு இரண்டில் 500 வீதம், தரையில் நிற்கும் உயர விளக்கு ஒன்றில் 800, படங்களுக்கு மேலே 250 வீதம் இரண்டு. கண்ணாடி அலமாரிக்குள் எல்.இ.டி. பட்டை வைத்தால் அது உபரி. இத்தனைக்கும் பிளக் பாயின்ட் எங்கே என்று பெயின்டுக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். நம் வீடுகளில் சதுரக் கால் பிரிட்டிஷ் பிளக்கும் உருண்டைக் கால் பிரெஞ்சு பிளக்கும் கலந்தே இருக்கின்றன. அடாப்டருக்கு மேல் அடாப்டர் சொருகித் திரைச்சீலைக்குப் பின்னால் மறைப்பது தீ விபத்துக்கு வழி. எலக்ட்ரீஷியனை வைத்து ஒரே வகையாக மாற்றிவிடுங்கள்.

இனி படங்கள், இங்கேதான் அதிக நேரம் செலவாகும். செலவாகவும் வேண்டும்.

ஓட்டைக் கல் சுவரில் சாதாரண நைலான் பிளக் பிடிக்காது. டிரில் முதல் மூன்று சென்டிமீட்டர் கெட்டியாகப் போய், திடீரென்று தொபுக்கென்று உள்ளே விழும். அதுதான் கல்லின் வெற்றிடம். அந்த ஓட்டையில் சாதாரணப் பிளக்கைத் தட்டினால் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகவே இறுகாது. உள்ளே போனதும் முடிச்சுபோல் மடங்கிப் பின்பக்கத்தைப் பிடிக்கும் வெற்றிடப் பிளக் வேண்டும். 5 கிலோவரை 6 மில்லிமீட்டர் பிளக், 40 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போதும். 10 கிலோவுக்கு மேற்பட்ட கண்ணாடியோ மரச் சட்டமோ என்றால் இரண்டு இடத்தில் பிடித்து, முடிந்தால் கான்கிரீட் தூணிலோ பீமிலோ மாட்டுங்கள். அங்கே ஹேமர் டிரில் இல்லாமல் வேலை நடக்காது. ஸ்க்ரூவும் கொக்கியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், கடற்கரையோர வீடுகளுக்கு அது கட்டாயம். சாதா இரும்பு துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கண்ணீர்போல் வழியும்.

அடுக்கும் முறை: எல்லாப் படத்தையும் தரையில் சுவரின் அளவுக்கே பரப்புங்கள். பெரிய படத்தை நடுவில் வைக்காமல் சற்று இடப்பக்கம், கீழ்ப்பாதியில் வையுங்கள். அதைச் சுற்றி நடுத்தரம், ஓரங்களில் சிறியது. இடைவெளி 5 சென்டிமீட்டர், எங்கும் ஒரே அளவு. சட்டங்கள் வெவ்வேறாக இருக்கலாம், இடைவெளி வெவ்வேறாக இருக்கக் கூடாது. பொன், கறுப்பு, தேக்கு என்று மூன்று வகைச் சட்டத்துக்குள் நில்லுங்கள். மொத்தத் தொகுப்பின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர். சோபாவுக்கு மேல் என்றால் சாய்மானத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டுத் தொடங்குங்கள். கோபுரத்தின் நிலைபோல ஒரு நேர்கோடு எங்காவது ஓட வேண்டும். கீழ் வரிசையின் அடிவிளிம்பு எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால், மேலே எப்படி ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சட்டத்தின் அளவுக்கும் செய்தித்தாள் வெட்டி, பெயின்டர் டேப்பால் சுவரில் ஒட்டி, ஓரிரு நாள் போய் வந்து பாருங்கள். பிறகு டிரில் எடுங்கள்.

ஒவ்வொரு சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் கார்க் துண்டோ ரப்பரோ ஒட்டுங்கள். சட்டம் சுவரைத் தொடாமல் நிற்கும், பின்னால் காற்று ஓடும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாத படங்களைத்தான் சுவரில் சதுரமாகக் கறுப்புத் தடம் விட்டுக் கழற்ற வேண்டியிருக்கிறது.

குடும்பப் போட்டோக்கள் கண்ணாடியை நேரே தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஈரத்தில் போட்டோவின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய கல்யாணப் போட்டோவைப் பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், காகிதம் மட்டும் கையில் வரும். பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, அச்செடுத்து, அமிலமில்லாத அட்டை ஓரம் வைத்து, மூன்று மில்லிமீட்டர் இடைவெளியோடு புதிதாகச் சட்டம் போடுங்கள். மூலத்தை அப்படியே பத்திரமாக வையுங்கள்.

மறைந்த பெரியவர்களின் மாலை போட்ட படத்தைச் சாமி படங்களோடு கலக்காமல் வேறு சுவரில் மாட்டுவது நம் வழக்கம், அலங்காரத்துக்கும் அது உதவுகிறது. சாமி படங்கள் ஒரு சுவர், பெரியவர்கள் ஒரு சுவர், குழந்தைகளும் கல்யாணங்களும் ஒரு சுவர் என்று பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் வரும். விளக்கேற்றும் இடத்துக்கு மேலே துணியோ வால்பேப்பரோ வேண்டாம். கர்ப்பூரப் புகை சில மாதத்திலேயே கூரையைக் கறுக்க வைக்கும். அந்த மூலைக்கு மட்டும் கழுவக்கூடிய ஓடோ எனாமல் பெயின்டோ போடுங்கள். சுடரிலிருந்து திரைச்சீலை ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தஞ்சாவூர் ஓவியம் இருந்தால் அதைப் பூஜை மூலையில் வைக்காதீர்கள். பலகைமேல் சுண்ணப் பூச்சும் பொன் தகடும் சேர்ந்தது அது, சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் பூச்சு பலகையை விட்டு உப்பும்.

பட்டுப் புடவைகளுக்கு வருகிறேன். நல்ல நிலையில் இருக்கும் கூறைப் புடவையை வெட்டாதீர்கள், வேறு வழிகள் இருக்கின்றன. முந்தானை மட்டும் தெரியும்படி மடித்து மாட்டலாம். துவைத்துச் சுருக்கம் நீங்கிய காடாத் துணி நாடாவைப் புடவையின் மேல் விளிம்பில் தைத்து, அந்த நாடாவில் வெல்குரோவின் ஒரு பக்கம், சுவரில் மரப்பட்டையில் மறுபக்கம். எடை முழு அகலத்திலும் பரவும். ஆணியோ ஸ்டேப்ளரோ அடித்தால் எடையெல்லாம் அந்த நாலு ஓட்டையில் தொங்கி, அங்கிருந்து கிழியும். பசை ஒட்டவே கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வேறு புடவை மாட்டுங்கள். புடவைக்கும் ஓய்வு, ஹாலுக்கும் புது முகம். கழற்றியதை மடிப்புக் கோடு மாற்றி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையைத் தொடக்கூடாது.

கிழிந்துபோன புடவைகளைத்தான் திரைச்சீலையாகவும் குஷனாகவும் மாற்ற வேண்டும். 5.5 மீட்டர் புடவையில் 2.4 மீட்டர் இறக்கத்துக்கு இரண்டு துண்டு வரும். ஒவ்வொன்றும் 1.15 மீட்டர் அகலம். சேர்த்தால் 2.3 மீட்டர், 1.2 மீட்டர் ஜன்னலுக்கு அழகாக மடிப்பு விழும். பின்னால் கெட்டியான பருத்தி லைனிங் கட்டாயம், வெயில் பட்டால் பட்டு நூல் நொறுங்கும். இங்கே கவனம் தேவை: நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. ஆண்டின் பெரும்பகுதி சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகையில் "தெற்கு ஜன்னலில் வெயில்" என்று படித்துவிட்டு அப்படியே செய்தால், பட்டுத் திரையை நேரே வடக்கு வெயிலில் தொங்க விடுவீர்கள். வடக்கு, மேற்கு ஜன்னல்களுக்குப் பருத்தி, பட்டு மற்ற பக்கத்துக்கு.

குஷனுக்கு 45 சென்டிமீட்டர் உறை என்றால் 48 சதுரமாக வெட்டுங்கள். முழுவதும் பட்டாகத் தைத்தால் முதுகு உரசி ஜரிகை பிரியும். நடுவில் பட்டு, சுற்றிலும் பருத்தி, பின்பக்கம் முழுப் பருத்தி. பட்டுத் துண்டின் அடியில் ஒட்டுத்துணி வைத்தால் கிழிசல் பரவாது.

டிசைன்களைக் கலப்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒரு பெரியது, பூவோ மாங்காயோ 25 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு நடுத்தரம், 8 முதல் 12 வரை. ஒரு சிறியது, 3-க்குக் கீழே, புட்டாபோல. இவற்றோடு ஒரு கட்டமோ கோடோ, செட்டிநாட்டுக் கண்டாங்கிக் கட்டம் இதற்கு அருமை. நான்கிலும் ஒரு நிறமாவது பொதுவாக இருக்க வேண்டும். ஒரே அளவுப் பூ டிசைன் இரண்டு அடுத்தடுத்து வந்தால்தான் சண்டை. காத்ர் போர்ன் சந்தையில் வியாழன், ஞாயிறுகளில் துணி வாங்கப் போகும்போது உங்கள் விரிப்பின் ஒரு மூலையைப் படமெடுத்துக் கொண்டு போவதைவிட, பெயின்ட் தடவிய அட்டையும் புடவைத் துண்டும் கையில் இருப்பது மேல். போன் திரையில் நிறம் பொய் சொல்லும்.

சாமான்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடக்கும் வழி 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40 முதல் 45. விரிப்பு 2 மீட்டருக்கு 3 மீட்டர், சோபாவின் முன்கால் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். சின்ன விரிப்பு நடுவில் தீவாகக் கிடந்தால் அறையே சுருங்கும். வெள்ளை ஓட்டுத் தரையில் விரிப்பு இருந்தால் எதிரொலியும் அடங்கும். அலமாரியைச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டையும் அடியில் மாவுபோல் தூளும் இருந்தால் உளுக்கும் வண்டு. மண் குழாய்போல் ஓடினால் கறையான். இரண்டில் எது இருந்தாலும் மருந்து வைத்து அடங்கியபிறகுதான் ஹாலுக்குள் கொண்டுவர வேண்டும். பிரம்பு நாற்காலி மிகவும் காய்ந்தால் ஒடியும், மிகவும் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

பித்தளை. எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பளபளவென்று தேய்த்தால் மறுபடியும் பாத்திரக்கடைதான் வரும். குத்துவிளக்கு, சொம்பு, பன்னீர்ச்செம்பு போன்ற சிலவற்றைத் தேய்த்து மினுக்குங்கள், அண்டா, உருளி, தவலை இவற்றைப் பழைய பழுப்பிலேயே விடுங்கள். மினுங்குவது முன்னால், பழுப்பு பின்னால். அப்போதுதான் ஆழம் தெரியும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் நன்றாக அலசி, அந்த நிமிடமே துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். வேலைப்பாட்டு இடுக்கில் புளி தங்கினால் பச்சைக் களிம்பு பூக்கும். கடையில் வாங்கிய புதுப் பித்தளையில் லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) பூச்சு இருந்தால் புளி வேலைக்காகாது, பூச்சு திட்டுத்திட்டாக உரிந்து அசிங்கமாகும். தேய்த்து உலர்ந்ததன்மேல் மெல்லிய மெழுகு தடவினால் கடற்காற்றைக் கொஞ்சநாள் தாங்கும். உணவு வைக்கும் பாத்திரத்தில் மெழுகு வேண்டாம்.

எத்தனை வைப்பது? உங்களிடம் 40 பித்தளை இருந்தால் 15 போதும், மீதி அடுத்த முறைக்கு. ஒரு தட்டின்மேல் மூன்று அல்லது ஐந்து சேர்த்து, ஒன்று உயரம், ஒன்று அகலம், ஒன்று குட்டை என்று வையுங்கள். தனித்தனியாகச் சிதறிய 15 பொருளைவிட மூன்று கூட்டமாக நிற்கும் 15 பொருள் அமைதியாக இருக்கும், தூசி துடைக்கத் தூக்குவதும் எளிது. கண்ணாடி அலமாரியின் உட்பின்பக்கத்தை அரக்கு நிறம் அடித்துவிட்டால் உள்ளே இருப்பவை இரண்டு மடங்கு எடுப்பாகும். கியூர்பிப் பக்கத்தில் செய்யும் மாதிரிக் கப்பல் இருந்தால் அதுவும் கண்ணாடிக்குள்தான், கயிறுகளில் தூசி படிந்தால் துடைத்து எடுக்க முடியாது. மடகாஸ்கர் ராஃபியாக் கூடைகள் சுவரில் அழகு, ஆனால் வெளிச்சுவரில் வேண்டாம்.

நாலு சுவரில் ஒன்றையாவது பாதிக்குமேல் வெறுமையாக விடுங்கள், ஒரு செடியோ ஒரு நாற்காலியோ மட்டும். உங்கள் ஹாலில் ஜன்னல் இருக்கும் சுவர் அதற்குச் சரி. ஏனென்றால் நவம்பர் 1 முதல் மே 15 வரை புயல் காலம். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய லூவர் ஜன்னல் எவ்வளவு மூடினாலும் இடுக்கில் சாரல் உள்ளே தெறிக்கும், அந்தச் சுவரில் படமும் பட்டும் இருந்தால் முதலில் நனைவது அவைதான். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் ஸ்க்ரூ கழற்றாமல் கொக்கியிலிருந்து தூக்கி எடுக்கும்படி மாட்டுங்கள். எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு வந்ததும் எதை முதலில் கழற்றுவது, எந்த அறையில் எந்தப் பெட்டியில் வைப்பது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். துணி முதலில், பிறகு காகிதம், பிறகு மரம். பித்தளை கடைசி, அது நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.